அம்மாகூட ஒரு ராத்திரி உக்காந்திருக்கலாமா, உடனே எடுத்துடணுமா?

வாசகர் கேள்விக்கு, சிங்கப்பூர்ல கடைசிக் கால நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பாக்குற ஹாஸ்பிஸ் டாக்டரோட பதில். பேர், ஏரியா எல்லாம் எடுத்தாச்சு.

கடிதம் நீளமா இருந்துச்சு, சுருக்கிச் சொல்றேன். எழுதினவங்களுக்கு 58 வயசு. வீவக அடுக்குமாடி வீட்டுல அம்மாவோட இருக்காங்க. அம்மாவுக்கு 84, இதயம் ரொம்ப பலவீனம், பேஸ்மேக்கர் வச்சிருக்கு, இப்ப ஆக்சிஜன் மெஷினோட படுத்த படுக்கை, ஹாஸ்பிஸ் நர்ஸ் வந்து பாக்குறாங்க, இனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக வேணாம்னு முடிவாயிடுச்சு. அப்பா 2020 மே மாசம் ஆஸ்பத்திரியில ஸ்ட்ரோக்ல தவறிட்டாரு. கோவிட் ஊரடங்கு, அதான் சர்க்கியூட் பிரேக்கர் நேரம், சாவு வீட்டுல 10 பேருக்கு மேல இருக்கக் கூடாது. அண்ணன் போய் உடம்பை வாங்கிட்டு வர, புளோக்குக்குக் கீழ திறந்த தளமா இருக்குற வாய்ட் டெக்ல கொஞ்ச நேரம் வச்சு மத்தியானமே மண்டாய் தகனச்சாலைக்குக் கொண்டுபோயிட்டாங்க. அதை அம்மா இன்னும் மறக்கல. "உங்கப்பாவ அநாதையா அனுப்புன மாதிரி என்னை அனுப்பிடாதீங்க. ஒரு ராத்திரி என்கூட உக்காந்திருங்க. எரிக்க வேணாம், நம்ம ஊர்ல மாதிரி மண்ணுல வைங்க" அப்படின்னு சொல்றாங்களாம். அண்ணனுக்கு இதுல இஷ்டமில்ல. உயிரோட இருக்கும்போது பாத்துக்கிட்டா போதும், செத்தப்புறம் ராத்திரியெல்லாம் வீட்டுல வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறோம், காலையில எடுத்து மத்தியானம் முடிச்சிடலாம்ங்கறாரு. தங்கச்சி பெர்த்ல இருக்காங்க. மருமகளுக்கு 6 மாசம். பேரனுக்கு 9 வயசு. வீட்டுல வச்சா சட்டப்படி தப்பா, 24 மணி நேரத்துக்குள்ள எடுத்தே ஆகணுமாமே, கிருமி பரவுமா, பக்கத்து வீட்டுக்காரங்க கம்ப்ளெய்ன் பண்ணுவாங்களா, எல்பிஏ (அம்மாவால முடியாமப் போனா அவங்களுக்காக முடிவெடுக்கற அதிகாரப் பத்திரம்) என் பேர்ல இருக்கே அப்ப நானே முடிவு பண்ணலாம்ல, இதுதான் அவங்க கேள்விகள்.

அக்கா, முதல்ல பெரிய பயத்தை எடுத்துடுறேன். வீட்டுல இறந்தவங்களை ஒரு ராத்திரி வீட்டுலயே வச்சுப் பாத்துக்கறது இங்க தப்பே இல்ல. நீங்க கேள்விப்பட்ட அந்த 24 மணி நேரக் கணக்கு சில குறிப்பிட்ட தொற்று நோய்ல இறந்தவங்களுக்கு, அந்த மாதிரி இருந்தா சான்றிதழ் கொடுக்குற டாக்டரே சொல்லிடுவாரு, பையில வச்சு மூடி சீக்கிரம் முடிக்கச் சொல்வாங்க. உங்கம்மாவுக்கு இருக்கறது இதய நோய், அந்தக் கணக்குல வராது. கோவிட் சமயத்துல நாம பாத்தது எல்லாம் மனசுல அப்படியே தங்கிப்போயி இன்னமும் அதுதான் சட்டம்னு நிறைய பேர் நினைக்கறாங்க, நான் போற வீடுகள்லயும் இந்தக் கேள்வி வருது.

பக்கத்து வீட்டுக்காரங்களைப் பத்தியும் ரொம்ப யோசிக்காதீங்க. உங்க புளோக்குல சீனக் குடும்பத்துல யாராவது தவறினா 3 நாள், 5 நாள், சில பேர் 7 நாள்னு கீழ விளக்கைப் போட்டு, கடலையும் தண்ணி பாக்கெட்டும் வச்சுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருக்காங்கல்ல, யாரும் போய் ஏன்னு கேக்கறதில்ல. மலாய்க்காரங்க அன்னைக்கே அடக்கம் பண்ணிடுறாங்க, அதையும் யாரும் கேக்கறதில்ல. சாவு விஷயத்துல இந்த ஊர் அக்கம்பக்கத்துக்குப் பொறுமை ஜாஸ்தி. வாய்ட் டெக் வேணும்னா டவுன் கவுன்சில் அனுமதி வாங்கணும், இறுதிச் சடங்கு ஏற்பாடு பண்ற கேஸ்கெட் கம்பெனிக்காரங்களே எழுதி வாங்கிக் கொடுத்துடுவாங்க, சத்தம் போடுற நேரம் எதுவரைன்னு அதுல போட்டிருக்கும், பறையோ சேகண்டியோ பகல்ல வச்சுக்கலாம். மேல வீட்டுக்குள்ள சும்மா உக்காந்திருக்க அந்த அனுமதிகூட வேணாம்.

<b>மூச்சு நின்ன உடனே</b>

இதை எழுதி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வைங்க. அம்மாவுக்கு மூச்சு நின்னுபோச்சுன்னு தெரிஞ்சா ஆம்புலன்ஸ் நம்பர் 995க்கு அடிக்காதீங்க, ஹாஸ்பிஸ் நம்பருக்கு அடிங்க. பதட்டத்துல பேரனோ மெய்டோ 995க்கு அடிச்சுட்டா ஆம்புலன்ஸ்காரங்க அவங்க கடமைப்படி நெஞ்சை அமுக்க ஆரம்பிச்சுடுவாங்க, 84 வயசு எலும்பு தாங்காது, அம்மா வேணாம்னு சொன்னதும் அதைத்தான். அது மட்டும் இல்ல, ஆம்புலன்ஸ்காரங்களால இறப்புக்கான காரணம் எழுதிச் சான்றிதழ் கொடுக்க முடியாது. காரணம் தெரியல, நோய் வரலாறு தெரிஞ்ச டாக்டர் யாரும் இல்லன்னு ஆயிட்டா போலீஸ், அப்புறம் பிணக்கிடங்கு, மரண விசாரணை அதிகாரின்னு போயிடும். நீங்க ஆசைப்படுற அந்த ராத்திரி அங்கயே போயிடும். ஹாஸ்பிஸ் டாக்டர் வந்து பாத்து சான்றிதழ் கொடுத்துட்டா வேலை முடிஞ்சுது. 2022 மே 29லேர்ந்து தனியா எங்கயும் போய் இறப்பைப் பதிய வேண்டியதில்ல, டாக்டர் கம்ப்யூட்டர்ல ஏத்தினதும் தானா பதிவாயிடும், அரசாங்கத்தோட மை லெகசி இணையதளத்துல டிஜிட்டல் சான்றிதழை நீங்க இறக்கிக்கணும், 30 நாளைக்குள்ள மறக்காம எடுத்து வச்சுக்கோங்க.

இன்னொன்னு, ரொம்ப முக்கியம். நம்ம வீடுகள்ல மூச்சு நின்னதும் முதல்ல யாராவது ஓடிப்போய் தலைமாட்டுல விளக்கு ஏத்துவாங்க. உங்க வீட்டுல ஆக்சிஜன் மெஷின் இருக்கு. அதை நிறுத்தி, மூக்குக் குழாயைக் கழட்டி, ரூமை விட்டு வெளிய தள்ளி வச்சு, ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்ட பிறகுதான் விளக்கு, சாம்பிராணி, ஊதுபத்தி எதுவா இருந்தாலும். மெத்தையிலயும் போர்வையிலயும் ஆக்சிஜன் தேங்கி நிக்கும்.

<b>அந்த ராத்திரி உடம்புக்கு என்ன ஆகும்</b>

யாரும் சொல்லித் தர்றதில்ல, அதனாலதான் பயம். நான் வரிசையாச் சொல்லிடுறேன், தெரிஞ்சுபோச்சுன்னா பாதி பயம் போயிடும்.

முதல் ஒரு மணி நேரம் அம்மா தூங்குற மாதிரியே இருப்பாங்க, உடம்பு சூடா இருக்கும். கண்ணு பாதி திறந்திருக்கலாம், மெதுவா இமையை மூடி ஈரப் பஞ்சை கொஞ்ச நேரம் வச்சா நின்னுடும். தாடை தொங்கும். நம்ம பாட்டிமாருங்க உடனே வெள்ளைத் துணியால தாடையைத் தலையோட சேத்துக் கட்டுவாங்க, ரெண்டு கால் கட்டைவிரலையும் சேத்துக் கட்டுவாங்க, அதுக்கு ஒரு காரணம் இருக்கு. ரெண்டு மணி நேரம் தாண்டினா தாடையிலயும் கழுத்துலயும் விறைப்பு ஆரம்பிக்கும், அப்புறம் கை, கால். விறைச்ச பிறகு வாயை மூட முடியாது, கையை மடக்க முடியாது. அதனால குளிப்பாட்டுறது, புடவை கட்டுறது, தலை வாருறது எல்லாம் டாக்டர் வந்துட்டுப் போனதும் முதல் ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிங்க. துணி கட்ட மனசு வரலன்னா ஒரு கைத்துண்டை உருட்டி தாடைக்குக் கீழ கொடுத்து, தலையணையைக் கொஞ்சம் உசத்தி வைங்க, அதுவே போதும்.

ஒருபக்கமாத் திருப்பும்போது நெஞ்சுல இருக்குற காத்து வெளிய வரும், பெருமூச்சு விடுற மாதிரி ஒரு சத்தம் கேக்கும். உயிர் இருக்குன்னு கத்தாதீங்க, அது வெறும் காத்து. சிறுநீர் கொஞ்சம் போகலாம், பேம்பர்ஸ் மாட்டி வைங்க. முதுகுப் பக்கம் ஊதா நிறமாத் தெரியும், அது ரத்தம் கீழ இறங்கி நிக்கறது, யாரும் அடிச்சதோ கீழ போட்டதோ இல்ல. மருந்து பேட்ச் ஒட்டியிருந்தா நர்ஸ் எடுத்துடுவாங்க.

நம்ம ஊர் சூட்டுல ஏசி இல்லாம வச்சிருந்தா ஒரு நாள் ஆகுறப்போ வயிறு உப்ப ஆரம்பிக்கும், வாடை வரும். ஏசியை எவ்வளவு குளிரா வைக்க முடியுமோ வச்சு, மெல்லிசு துணி மட்டும் போத்தி, பூ மாலையை உடம்பு மேல குவிக்காம வச்சீங்கன்னா ஒரு ராத்திரி தாராளமாத் தாங்கும். உடம்பு கெடாம இருக்க மருந்து ஏத்துற எம்பாம் பண்ணியே ஆகணும்னு ஒன்னும் இல்ல, முஸ்லிம் குடும்பங்கள் பண்றதே இல்லையே. ஆனா தங்கச்சிக்காகவோ வேற எதுக்காகவோ ஒரு நாளைக்கு மேல வைக்கிறதா இருந்தா எம்பாம் பண்ணிடுங்க, பிடிவாதம் வேணாம். அப்புறம் கிருமி. செத்த உடம்பு தானாவே விஷமாயிடும்ங்கறது ரொம்ப நாளா இருக்குற ஒரு நம்பிக்கை, ஆனா இதய நோய்ல இறந்தவங்க உடம்புலேர்ந்து கூட உக்காந்திருக்கவங்களுக்கு ஒன்னும் ஒட்டாது. குளிப்பாட்டும்போது கையுறை போட்டுக்கோங்க, முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்க, அவ்வளவுதான். நேத்து வரைக்கும் அம்மாவுக்குத் துடைச்சுவிட்ட அதே கைதான அக்கா.

ஒரு வீட்டுல நான் சான்றிதழ் எழுதி முடிக்கற வரைக்கும் ஒரு மக அம்மா தலைக்கு எண்ணெய் வச்சு, சிக்கெடுத்து, மெதுவா பின்னிக்கிட்டு இருந்தாங்க. படுத்தே கிடந்ததால பின்னந்தலையில முடி சடை பிடிச்சிருந்துச்சு, அதை வெட்டிடலாம்னு யாரோ சொன்னப்ப, "இருக்கட்டும் நேரம் இருக்குல்ல"ன்னாங்க. அந்த நேரம்தான் ஆஸ்பத்திரியில நமக்குக் கிடைக்கறதில்ல. சூடு ஆறுறதுக்குள்ள கீழ இறக்கிடுவாங்க, அப்புறம் நாம பாக்குறப்போ பெட்டிக்குள்ள பவுடர் பூசி எல்லாம் முடிஞ்சு வேற யாரோ மாதிரி இருப்பாங்க. கை சூடா இருந்து, ஆறி, சில்லுன்னு ஆயி, விறைச்சு, முகம் மாறி, விடியறதுக்குள்ள "அம்மா இதுல இல்ல"ன்னு நமக்கே தெரிய வரும், யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. துக்கத்துல மாட்டிக்கிட்டு வருஷக்கணக்கா தூங்காம என்கிட்ட வர்றவங்க பல பேர் சொல்றது "நான் சரியாப் பாக்கவே இல்ல டாக்டர், உடனே கொண்டுபோயிட்டாங்க"ங்கறதுதான். இந்த வழக்கம் போயிடக் கூடாதுன்னு எனக்கு ஆசை இருக்கு, அதை மறைக்கல. 2023ல சுகாதார அமைச்சு சொன்ன கணக்குப்படி இங்க இறக்குறவங்கள்ல 100க்கு 61 பேர் ஆஸ்பத்திரியில இறக்குறாங்க, அதை அஞ்சு வருஷத்துல 51 ஆக்கணும்னு திட்டம் போட்டிருக்காங்க. அப்ப வீட்டுல இறக்கப்போறவங்க கூடப்போறாங்க, ஆனா வீட்டுல இறந்தவங்ககூட எப்படி இருக்கறதுன்னு தெரிஞ்ச ஆட்கள் நம்ம வீடுகள்ல குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க, அது எனக்குக் கவலையா இருக்கு.

<b>ஒரு ராத்திரி கட்டாயமா?</b>

இதுல உங்களையும் கொஞ்சம் திருத்தணும், கோச்சுக்காதீங்க. ஒரு ராத்திரி வச்சே ஆகணும்னு நம்ம வழக்கத்துல கிடையாது. ஊர்ல ஐஸும் இல்ல ஏசியும் இல்ல, காலையில போன உயிருக்குப் பொழுது சாயறதுக்குள்ள காரியத்தை முடிச்சாங்க. பொழுது சாஞ்சு இறந்தா, இல்ல வெளியூர்லேர்ந்து மகனோ மகளோ வரணும்னா, விடியற வரைக்கும் வச்சிருந்தாங்க. அப்படி வச்சிருந்தா ஒரு நிமிஷம்கூடத் தனியா விடல, எறும்பு, எலி, நாய்ன்னு ஆயிரம் இருக்கும், விளக்கு அணையக் கூடாது, பொம்பளைங்க சுத்தி உக்காந்து ஒப்பாரி வைக்க ஆம்பளைங்க வாசல்ல நெருப்பு மூட்டி உக்காந்திருப்பாங்க. அதுல முக்கியம் தனியா விடாம இருந்ததுதான், எத்தன மணி நேரம்னு யாரும் எண்ணல.

இதை ஏன் சொல்றேன்னா, அம்மா காலை 6 மணிக்குப் போனாங்கன்னு வைங்க. அன்னைக்கு ராத்திரி முழுக்க வச்சு மறுநாள் எடுக்கறதா, இல்ல சாயங்காலம் வரைக்கும் பகல் முழுக்கப் பக்கத்துல இருந்துட்டு எடுக்கறதான்னு நீங்க முடிவு பண்ணலாம். ரெண்டுமே அம்மா கேட்டதுதான். கடைசி நேரத்துல மூச்சுத் திணறல் தாங்காம ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாகி அங்கயே இறந்துட்டாலும் எல்லாம் போச்சுன்னு நினைக்காதீங்க. வார்டு நர்ஸ்கிட்ட கொஞ்ச நேரம் கூட உக்காந்திருக்கணும்னு கேளுங்க, திரையை இழுத்துவிட்டு இடம் கொடுப்பாங்க. சான்றிதழ் வந்ததும் கேஸ்கெட் கம்பெனி மூலமா நேரா வீட்டுக்குக் கொண்டுவரலாம். அப்புறம், எல்லாரும் விடிய விடிய முழிச்சிருக்கணும்னு இல்ல. அம்மாவைப் பாத்துப் பாத்து நீங்க ஏற்கனவே தூக்கம் கெட்டுப் போயிருப்பீங்க. ரெண்டு ரெண்டு பேரா முறை வச்சுக்கோங்க, மத்தவங்க படுங்க.

<b>யார் முடிவு பண்றது</b>

எல்பிஏ இருக்கறதால நீங்கதான் முடிவு பண்ணலாம்னு எழுதியிருக்கீங்க. அது தப்பு. அம்மா உயிரோட இருந்து அவங்களால முடிவெடுக்க முடியாமப் போற வரைக்கும்தான் எல்பிஏ. மூச்சு நின்ன நிமிஷமே அது செல்லாது. அப்புறம் இறுதிச் சடங்கை முடிவு பண்ற உரிமை, உயில் எழுதி அதுல நிறைவேற்றுபவர்னு யாரைப் போட்டிருக்காங்களோ அவங்களுக்கு. உயில் இல்லன்னா, அப்பாவும் இல்லாததால, பிள்ளைங்க மூணு பேருக்கும் சமம். மூத்த மகன்ங்கறதால சட்டத்துல அண்ணனுக்குத் தனிச் சலுகை கிடையாது, அதே மாதிரி கூட இருந்து பாத்துக்கிட்டதால உங்களுக்கும் கிடையாது. அம்மா வாயால சொன்னதும், உயில்ல எழுதினதும்கூட, இப்படித்தான் அடக்கம் பண்ணணும்னு யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது.

நிஜத்துல என்ன நடக்குதுன்னா கேஸ்கெட் கம்பெனிக்கு யார் முதல்ல ஃபோன் பண்ணி, காசு கொடுத்து, கையெழுத்து போடுறாங்களோ அவங்க சொல்றதுதான் நடக்குது. அதுக்காக அண்ணனுக்கு முன்னாடி முந்திக்கிட்டு ஃபோன் பண்ணுங்கன்னு நான் சொல்லல, தயவுசெஞ்சு பண்ணாதீங்க. பொணத்தை நடுவுல வச்சுக்கிட்டு அண்ணன் தங்கச்சி சண்டை போட்டா அது கருமாதியோட முடியாது. சொத்துத் தகராறும் இதோட சேந்திருந்தா ஒரு வக்கீலைப் பாத்துடுங்க, இல்லன்னா இது பேசித் தீக்கற விஷயம்தான்.

<b>மண்ணா, மண்டாயா</b>

மண்ணுல வச்சா காலத்துக்கும் அங்கயே இருப்பாங்கன்னு அம்மா நினைக்கறாங்க, நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கீங்க. இங்க அப்படி இல்ல. அடக்கம் பண்ண இப்ப இருக்கறது சுவா சூ காங் இடுகாடு ஒன்னுதான், இந்துக்களுக்கும் அங்க இடம் உண்டு. ஆனா 1998லேர்ந்து ஒரு கல்லறைக்கு 15 வருஷம்தான். அப்புறம் தோண்டி எடுத்துடுவாங்க, தகனத்துக்கு மதத்துல தடை இல்லாதவங்க எலும்பைத் தகனம் பண்ணி அஸ்தியா வைப்பாங்க, புதைச்சே ஆகணும்ங்கற மதத்துக்காரங்களுக்குத்தான் சின்ன இடத்துல மறுபடி அடக்கம். அதாவது அம்மாவை இன்னைக்கு மண்ணுல வச்சாலும் 15 வருஷம் கழிச்சு நெருப்புக்குத்தான் போகணும், அன்னைக்கு உங்களுக்கு 73 வயசு, அண்ணனுக்கு இன்னும் ஜாஸ்தி, யார் நிப்பாங்கன்னு யோசிச்சுக்கோங்க. இதை அம்மாகிட்ட மறைக்காம சொல்லுங்க. தெரிஞ்சும் "பரவாயில்ல மண்ணுதான் வேணும்"னா அது அவங்க இஷ்டம், செஞ்சுடலாம். தெரியாம கேட்டதை வச்சுக்கிட்டு அண்ணன்கூட மல்லுக்கு நிக்க வேணாம். தகனம்னு முடிவானா பேஸ்மேக்கர் இருக்குன்னு கேஸ்கெட் கம்பெனிகிட்ட முதல் ஃபோன்லயே சொல்லிடுங்க, அதை எடுத்துடணும், உள்ள விட்டா சூட்டுல பேட்டரி வெடிக்கும்.

<b>அண்ணன்</b>

உங்க கடிதத்துல ஒரு வரி ரொம்ப சாதாரணமா வந்து போகுது. அப்பா உடம்பை வாங்கிட்டு வந்தது அண்ணன்தான். 2020 மே மாசம், மாஸ்க் போட்டுக்கிட்டு, கூட யாரும் வர முடியாம, பிணவறைக்குப் போய் அது அப்பாதான்னு பாத்துச் சொல்லி, கையெழுத்து போட்டு, வண்டியில கூட வந்தவரு அவரு ஒருத்தரு. நீங்களும் அம்மாவும் அப்பாவைப் பாக்குறப்போ குளிப்பாட்டி வேட்டி கட்டியிருந்துச்சு. அவரு பாத்தது வேற. "செத்தப்புறம் என்ன இருக்கு, சீக்கிரம் முடிச்சிடலாம்"னு அவரு சொல்றதுக்கு அம்மா மேல பாசம் இல்லைன்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க. நீங்க பாக்க முடியலையேன்னு தவிக்கறீங்க, அவரு பாத்துட்டோமேன்னு தவிக்கலாம். ஒரு தடவையாவது யாராவது அவரைக் கேட்டிருக்கீங்களா, அன்னைக்கு அங்க என்ன நடந்துச்சுன்னு? கேட்டுப் பாருங்க, ராத்திரி உக்காருற பேச்சையே எடுக்காம, அதை மட்டும் கேளுங்க.

அப்பா அநாதையாப் போனாருங்கறதையும் விட்டுடுங்க. ஊரே அப்படித்தான் இருந்துச்சு, நாட்டுக்கே போட்ட விதி, அதுல நீங்க செய்யாம விட்டது ஒன்னும் இல்ல, அண்ணன் கூடவேதான் வந்தாரு. அப்பாவுக்குப் பண்ண முடியாததை அம்மாவுக்குச் சேத்துப் பண்ணிடணும்னு நினைச்சீங்கன்னா எவ்வளவு பண்ணாலும் போதாதுன்னுதான் தோணும், அம்மாவுக்கான ராத்திரியும் அப்பாவுக்கான கணக்காப் போயிடும். அப்பாவுக்காக மனசு ரொம்ப அடிச்சுக்குதுன்னா ஹாஸ்பிஸ்லயே கவுன்சிலர் இருப்பாங்க, நோயாளிக்கு மட்டுமில்ல குடும்பத்துக்கும்தான் அவங்க, இப்பவே கேட்டுப் பேச ஆரம்பிங்க.

அண்ணன் கடைசி வரைக்கும் உக்கார மாட்டேன்னா விட்டுடுங்க. சாயங்காலம் வந்து அரை மணி நேரம் நின்னுட்டு வீட்டுக்குப் போயி காலையில கொள்ளிச்சட்டி தூக்கவோ மண்ணு போடவோ வரட்டும், அதுலயும் குறை ஒன்னும் இல்ல. அவரு ஒத்துக்க வேண்டியது நீங்க உக்காருறதைத் தடுக்க மாட்டேன்ங்கறது மட்டும்தான். பொம்பளைங்க இடுகாட்டுக்கு, மண்டாய்க்கு வரக் கூடாதுன்னு பெரியவங்க யாராவது ஆரம்பிச்சா, சட்டத்துல அப்படி எதுவும் இல்ல, நம்ம குடும்பங்கள்ல இப்ப மகள்கள் போறாங்க, கொள்ளியும் வைக்கறாங்க.

பேரனை, 9 வயசுப் பையனை, பாட்டிகூட இருக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வேணாம், வேற வீட்டுக்கு அனுப்பி மறைக்கவும் வேணாம். பாட்டி சில்லுன்னு இருப்பாங்க, பேச மாட்டாங்க, மூச்சு இருக்காதுன்னு முன்னாடியே சொல்லிட்டு, வர்றியான்னு கேளுங்க. "பாட்டி தூங்குறாங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க, அப்புறம் அவன் தூங்கப் பயப்படுவான். மருமகளுக்கு, ரூமுக்குள்ள வர்றதால வயித்துப் பிள்ளைக்கு மருத்துவரீதியா எந்த ஆபத்தும் இல்ல, சாம்பிராணிப் புகையும் ராத்திரி முழிக்கறதும் ரொம்ப நேரம் நிக்கறதும்தான் ஆகாது. அவங்க வீட்டுப் பெரியவங்க வேணாம்னு நினைச்சா அதையும் மதிச்சு விட்டுடுங்க, போகணுமா வேணாமான்னு அந்தப் பொண்ணே முடிவு பண்ணட்டும். லீவு விஷயம், துக்க லீவு இங்க சட்டத்துல கிடையாது, ஒவ்வொரு கம்பெனி ஒப்பந்தத்தைப் பொறுத்தது, அதனால எல்லாரும் இப்பவே எச்ஆர்ல கேட்டு வச்சுக்கோங்க. பெர்த்லேர்ந்து ஃபிளைட் 5 மணி நேரம்தான், தங்கச்சிக்கு அந்த ஒரு ராத்திரி கிடைச்சாலே வந்து முகம் பாத்துடலாம், அண்ணன்கிட்ட பேசும்போது இதையும் சொல்லுங்க, மத்த காரணத்தை எல்லாம் விட இது அவருக்குப் புரியும்னு தோணுது.

இப்ப செய்ய வேண்டியது. ரெண்டு மூணு கேஸ்கெட் கம்பெனிக்கு இப்பவே ஃபோன் போட்டு, வீட்டுல ஒரு ராத்திரி வச்சிருக்கணும், உங்க புளோக் லிஃப்ட்ல பெட்டி நுழையுமா, இல்லன்னா மேல கட்டில்ல வச்சுட்டு காலையில கீழ இறக்குவீங்களா, ட்ரை ஐஸ் கொண்டுவருவீங்களா, எவ்வளவு ஆகும்னு கேட்டு எழுதி வைங்க. அம்மா உயிரோட இருக்கும்போதே ஃபோன் பண்ணி விலை கேக்கறது பாவம்னு நினைக்காதீங்க, கம்பெனிக்காரங்களுக்கு இது தினமும் வர்ற ஃபோன். அம்மாவுக்கு எந்தப் புடவை வேணும், குங்குமம் வைக்கலாமா, தலைமாட்டுல யார் பாடணும், பதிகம் ஓதணுமான்னு அம்மாகிட்டயே கேளுங்க, இந்த மாதிரி கேட்டா வயசானவங்க அழறதை விட ஆர்வமாப் பதில் சொல்றதைத்தான் நான் அதிகம் பாக்குறேன்.

அதோட ஹாஸ்பிஸ் நர்ஸ்கிட்ட முன்கூட்டிய பராமரிப்புத் திட்டத்தைப் பத்திக் கேளுங்க, அம்மா சொல்றதை அவங்க எழுதிக்குவாங்க. சட்டப்படி கட்டாயம் இல்லன்னாலும், உங்க வாயால கேக்கறதுக்கும் அம்மா சொல்றதை ஒரு வெளி ஆள் எழுதிக்கறப்போ நேர்ல கேக்கறதுக்கும் அண்ணனுக்கு வித்தியாசம் இருக்கும். அதனால நர்ஸ் அடுத்த தடவை வரும்போது அண்ணனையும் வரச் சொல்லுங்க, தங்கச்சியை வாட்ஸ்அப் வீடியோவுல போடுங்க. அம்மா எந்த நேரத்துல மூச்சு வாங்காம நல்லாப் பேசுறாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும், அந்த நேரமாக் கேட்டு வாங்குங்க.